தனிக்குடித்தனம்: வயது முடிவு செய்கிறதா, ஊரின் விதி முடிவு செய்கிறதா?

கேள்வி இதுதான். ஒரே படிப்பு, ஏறத்தாழ ஒரே சம்பளம். இருவரில் ஒருவர் 22 வயதில் பெற்றோர் வீட்டிலிருந்து கிளம்பிவிடுகிறார், இன்னொருவர் 30 தாண்டியும் அங்கேயே இருக்கிறார். காரணம் பண்பாடா, பணமா, இல்லை அந்தந்தப் பிராந்தியத்தின் வீட்டுக் கொள்கையா?

மூன்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இடைவெளி எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் 2023க்குத் தந்த கணக்குப்படி, பெற்றோர் வீட்டைவிட்டுக் கிளம்பும் சராசரி வயது ஒன்றியம் முழுவதற்கும் 26.3. பின்லாந்தில் 21.4, சுவீடனிலும் டென்மார்க்கிலும் 21.8. ஸ்பெயினில் 30.4, இத்தாலியில் 30, குரோவேஷியாவில் 31.8. ஒரே பொதுச் சந்தைக்குள், எங்கு வேண்டுமானாலும் போய் வேலை பார்க்கலாம் என்ற உரிமையோடு வாழும் இளைஞர்களுக்கு இடையே பத்தாண்டு வித்தியாசம்.

இதற்கு இளைஞர்களின் சோம்பலைக் காரணம் காட்டியவர்கள் உண்டு. 2007 அக்டோபரில் இத்தாலியின் நிதியமைச்சர் தொம்மாசோ பதோவா ஸ்கியோப்பா, அப்பா அம்மாவோடு தங்கியிருக்கும் வளர்ந்த பிள்ளைகளை 'பம்போச்சியோனி', அதாவது பெரிய குழந்தைகள், என்று சொல்லி அவர்களை வீட்டைவிட்டு வெளியே அனுப்புவோம் என்றார். அவர் அதைச் சொன்னது, இளம் வாடகைதாரர்களுக்கான வரிச்சலுகையை விளக்கும்போது. அதாவது வாடகை எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் சலுகை மறந்துபோய்ப் பட்டப்பெயர்தான் நிலைத்தது. எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு. கிளம்ப முடியாதவரைப் பார்த்துக் கிளம்ப மனமில்லாதவர் என்று சொல்வது அநியாயம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தனிக்குடித்தனம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் ஒரு கணவன் மனைவிதான் வருவார்கள். 23 வயதில் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஒருவர் வரமாட்டார். உலகத்தின் பல வீட்டு விதிகளும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. வாடகை உதவிக்கான படிவத்தையோ அரசு வீட்டுக்கான படிவத்தையோ எடுத்துப் பாருங்கள். குடும்ப உறுப்பினர்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை, இந்த ஊரில் எத்தனை ஆண்டாக வசிக்கிறீர்கள், இப்போது இருக்கும் வீட்டில் நெருக்கடி உண்டா? ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புள்ளி. துணை இல்லை, குழந்தை இல்லை, அம்மா வீட்டில் தனி அறை உண்டு என்று எழுதுகிறவருக்குக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. அவர் வீடில்லாதவர் இல்லை, நெருக்கடியில் இருப்பவரும் இல்லை. அதனால் அந்தப் படிவத்தின் கண்ணில் அவர் படுவதே இல்லை. இளைஞர்கள் எப்போது கிளம்புகிறார்கள் என்பதில் பிராந்தியக் கொள்கையின் முதல் செல்வாக்கு இங்கேதான் இருக்கிறது: தனி ஆளை அது ஒரு குடித்தனமாக எண்ணுகிறதா, இல்லையா?

இதை மிகத் தெளிவாகக் காட்டும் நாடு ஸ்பெயின். 1978 அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு எல்லோருக்கும் கண்ணியமான வீட்டுக்கு உரிமை உண்டு என்கிறது. 148ஆவது பிரிவு வீட்டுவசதியை 17 தன்னாட்சிப் பிராந்தியங்கள் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வழி செய்கிறது. ஆக உரிமையைச் சொல்வது நாடு, வீட்டைத் தர வேண்டியது பிராந்தியம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இளைஞர் நிற்கிறார்.

2008 ஜனவரியில் மத்திய அரசு ஒரு உதவித்தொகை கொண்டுவந்தது. 22 முதல் 30 வயது வரை உள்ளவர், வேலையில் இருப்பவர், குறிப்பிட்ட வருமானத்துக்குள் வருபவர் என்றால் மாதம் 210 யூரோ, நான்கு ஆண்டுகள் வரை. ஒருவரின் வாடகை 600 யூரோ என்று வைத்துக்கொண்டால், கையிலிருந்து 390 போட்டால் போதும். மாதம் ஆயிரம் யூரோ சம்பாதிப்பவருக்கு அதுதான் போகலாமா வேண்டாமா என்ற முடிவையே மாற்றும் தொகை. விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது பிராந்தியம், பணம் அனுப்புவது தலைநகர அமைச்சகம். காகிதம் அங்குமிங்கும் போய்வர மாதங்கள் ஆயின. உதவி வரும் என்று நம்பி ஒப்பந்தம் போட்டவர்கள் அதுவரை முழு வாடகையையும் தாங்களே கட்ட வேண்டியிருந்தது. அப்படிச் சமாளிக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து கைமாற்று வாங்கக்கூடியவர்கள்தான்.

இருந்தாலும் திட்டம் வேலை செய்தது. 22 என்ற வயது வரம்பின் இரு பக்கத்தில் இருப்பவர்களை ஒப்பிட்டு ஆராய்ந்த பொருளியலாளர்கள், உதவி கிடைக்கும் வயதில் இருப்பவர்கள் தனியாகக் கிளம்புவது கூடியது என்றே கண்டார்கள். பிறகு பொருளாதார நெருக்கடி வந்தது, 2011 இறுதியோடு புதியவர்களைச் சேர்ப்பது நின்றது. அன்று 16 முதல் 29 வயதுள்ள ஸ்பானியர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் பெற்றோரை விட்டு வாழ்ந்தார். அண்மை ஆண்டுகளில் அது 15 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. வேலையின்மையும் வாடகை ஏற்றமும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன, எல்லாவற்றையும் ஒரு உதவித்தொகையின் தலையில் கட்ட முடியாது.

2022இல் வேறு பெயரில் மீண்டும் உதவி வந்தது: 18 முதல் 35 வயது வரை, மாதம் 250 யூரோ, இரண்டு ஆண்டு. இந்த முறை நிர்வாகம் முழுக்கப் பிராந்தியங்களின் கையில். ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த தேதியில் விண்ணப்பம் திறந்தது, யாருக்கு முன்னுரிமை என்பதிலும் தனித்தனி வழி. வருமானம் குறைந்தவருக்கு முதலில் என்பது ஒரு முறை. முந்தி வந்தவருக்கு முதலில் என்பது இன்னொரு முறை. இந்த இரண்டாவது, இணையத்தில் சட்டென்று விண்ணப்பிக்கத் தெரிந்தவருக்கும் ஆவணங்கள் கையோடு இருப்பவருக்கும் போகிற பணம். அந்தத் தேர்வைச் செய்வது ஒரு பிராந்திய அலுவலகத்தின் சுற்றறிக்கை.

பாஸ்க் பிராந்தியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பெயின் பல பத்தாண்டுகளாக மானிய வீடுகளை ஏராளமாகக் கட்டியது, ஆனால் பெரும்பாலும் விற்றது. குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் அவை சந்தை விலைக்குப் போய்விட்டன. முதல் தலைமுறை இளைஞருக்கு லாபம், அடுத்தவருக்கு ஒன்றுமில்லை. பாஸ்க் அரசு இந்த ஓட்டையை அடைத்தது. 2003 முதல் அங்கே மானிய வீடு என்றால் நிரந்தரமாக மானிய வீடு. 2015இல் நீதிமன்றம் போய்க் கேட்கக்கூடிய உரிமையாகவே வீட்டைச் சட்டமாக்கினார்கள். ஆனால் அந்த உரிமையும் படிப்படியாகவே அமலுக்கு வந்தது: முதலில் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் உள்ள குடும்பம், அடுத்து இருவர், கடைசியில்தான் தனி ஆள். நல்ல மனதோடு எழுதிய சட்டத்திலும் தனி ஆளுக்குக் கடைசி வரிசை. இளைஞர்களுக்கான தனி வாடகை உதவியை 2019இல் தொடங்கியபோதுதான் அந்தக் குறை கொஞ்சம் சரியானது. இவ்வளவும் செய்த பிறகும் பாஸ்க் இளைஞர்கள் 30 வயதை ஒட்டித்தான் கிளம்புகிறார்கள். ஏன் என்றால், உதவித்தொகை கையில் இருந்தாலும் போவதற்குச் சிறிய வாடகை வீடு வேண்டுமே. சமூக வாடகை வீடுகள், அதாவது சந்தையைவிடக் குறைந்த வாடகைக்குத் தரும் வீடுகள், ஸ்பெயினில் மொத்த வீடுகளில் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு. ஆஸ்திரியாவில் நான்கில் ஒரு பங்குக்கு நெருக்கம், நெதர்லாந்தில் அதற்கும் மேல். இருப்பு இல்லாத இடத்தில் பணத்தை மட்டும் கொடுத்தால் அதில் ஒரு பகுதி வாடகையை ஏற்றிவிட்டு உரிமையாளர் கைக்கே போய்விடும்.

ஸ்பெயினிலேயே இன்னொரு பிளவு: 2023ஆம் ஆண்டின் வீட்டு உரிமைச் சட்டம் வாடகைக்கு உச்சவரம்பு வைக்க வழி தருகிறது, ஆனால் எது நெருக்கடிப் பகுதி என்று அறிவிக்க வேண்டியது பிராந்தியம். கட்டலோனியா 2024 மார்ச்சில் 140 ஊர்களுக்கு அமல்படுத்தியது. மட்ரிட் பிராந்தியம் மறுத்துவிட்டது. உச்சவரம்பு இளைஞர்களுக்கு நல்லதா என்பதில் எனக்கு இரண்டு மனது. ஏற்கெனவே வாடகையில் இருப்பவருக்கு அது பெரிய ஆறுதல். இனிமேல்தான் முதல் வீடு தேட வேண்டியவருக்கோ, காலியாகும் வீடுகள் குறைந்தாலும் உரிமையாளர்கள் மாதக் கணக்கிலான குறுகிய ஒப்பந்தங்களுக்குத் தாவினாலும் கதவு இன்னும் இறுகிவிடும். பெற்றோர் வீட்டில் இருப்பவர் இந்த இரண்டாவது வகை.

பிரிட்டனில் நடப்பது வேறு மாதிரி. வருமானம் குறைந்தவருக்கு வாடகை உதவி எவ்வளவு என்பது அந்தந்த வட்டாரத்தின் வாடகையை வைத்து முடிவாகிறது. அந்த வட்டாரத்தின் வீடுகளை மலிவானதிலிருந்து விலையுயர்ந்தது வரை வரிசையாக நிறுத்தி, நூற்றில் முப்பதாவது வீட்டின் வாடகையைப் பிடித்துக்கொள்வதாகக் கணக்கு. 2020 முதல் 2024 வரை அந்தத் தொகையை உறையவைத்துவிட்டார்கள், வாடகைகள் மட்டும் ஏறின. 2012 ஜனவரியில் இன்னொரு மாற்றம். தனி ஆளாக இருக்கும் 35 வயதுக்குக் கீழானவர்களில் பெரும்பாலோருக்குத் தனி வீட்டுக்கான தொகை கிடையாது, பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கான தொகைதான். முன்பு இந்த வயது 25. மாணவர்கள் நிறைந்த நகரத்தில் பகிர்ந்த வீடுகள் இருக்கும், சமாளிக்கலாம். சிறிய ஊரில் அப்படிப்பட்ட வீடே இருக்காது. அங்கே 27 வயதுக்காரருக்கு, ஊரில் இல்லாத ஓர் அறைக்கான வாடகையை அரசு தருகிறது. அவர் எங்கே போவார்?

அதே தீவில் ஸ்காட்லாந்து தனி வழி. அரசு வீடுகளைக் குடியிருப்பவருக்கே சலுகை விலையில் விற்பதை ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் நிறுத்திவிட்டன, இங்கிலாந்து தொடர்ந்தது. வீடற்றவருக்கு உதவும்போது முன்னுரிமைப் பிரிவைச் சேர்ந்தவரா என்று பார்க்கும் வழக்கத்தை 2012 இறுதியோடு ஸ்காட்லாந்து கைவிட்டது. எல்லைக்குத் தெற்கே அது இன்னும் இருக்கிறது. வீட்டில் சண்டையாகி வெளியேற வேண்டிய 24 வயதுத் தனி ஆளுக்கு இந்த ஒரு வரி வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

இதுவரை தனி ஆளைக் கண்டுகொள்ளாத விதிகளைப் பார்த்தோம். வேண்டுமென்றே வீட்டோடு நிறுத்திவைக்கும் விதிகளும் உண்டு. சிங்கப்பூரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீடுகளில் வசிக்கிறார்கள். மணமாகாதவர் தன் பெயரில் அந்த வீட்டை வாங்க 35 வயது ஆக வேண்டும். மணம் நிச்சயித்த ஜோடிக்கோ 21 வயதிலிருந்தே கதவு திறந்திருக்கிறது. பெற்றோருடனோ, நான்கு கிலோமீட்டருக்குள்ளோ வாங்கினால் கூடுதல் மானியமும் உண்டு. ஆக அங்கே பெற்றோர் வீட்டைவிட்டுக் கிளம்புவது என்றால் பெரும்பாலும் கல்யாணம் செய்துகொள்வது என்றுதான் பொருள். குடும்பத்தைச் சேர்த்துவைக்க வேண்டும் என்ற அரசின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதை ஆசியப் பண்பாடு என்று மட்டும் விளக்குகிறவர்கள் அந்த 35 என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் 2006 முதல் உள்ள விதி: வேலையில்லா உதவி பெறும் 25 வயதுக்கு உட்பட்டவர் தனியாகக் குடிபோனால், வாடகையை அரசு ஏற்க வேண்டுமானால் முன்கூட்டியே உள்ளூர் அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். நெதர்லாந்தில் நேர் எதிர்த்திசை. அங்கே ஒரே கூரையின் கீழ் வயதுவந்தவர்கள் அதிகமானால் ஒவ்வொருவரின் உதவித்தொகையையும் குறைக்கும் விதி 2015இல் வந்தது. பிள்ளைக்கு 21 வயது ஆன அன்றே அம்மாவின் உதவித்தொகை குறைந்தது. அம்மாவுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று கிளம்பிய பிள்ளைகளில் சிலர் நண்பர் வீட்டுச் சோபாவிலும் தெருவிலும் போய் நின்றார்கள். 2023 ஜனவரியில் அந்த வயதை 27 ஆக்கினார்கள். சீக்கிரம் கிளம்புவது எப்போதும் நல்ல செய்தி இல்லை. தள்ளிவிடப்பட்டவரும் புள்ளிவிவரத்தில் கிளம்பியவராகத்தான் பதிவாகிறார்.

பின்லாந்து எப்படி 21 வயதில் அனுப்புகிறது என்று கேட்பீர்கள். கல்விக்கட்டணம் இல்லை, படிப்புக்கால உதவி உண்டு, வாடகைக்கும் தனி உதவி உண்டு, மாணவர்களுக்கென்றே வீடு கட்டும் அறக்கட்டளைகள் நகரந்தோறும் உண்டு. ஹெல்சிங்கி வட்டாரத்தின் மாணவர் வீட்டு அறக்கட்டளை 1969இல் தொடங்கியது. இளைஞர் வீட்டுக் கூட்டமைப்பு அதற்கும் முன்பே, 1962இல் வந்தது. படிக்காமல் வேலைக்குப் போகும் இளைஞருக்கு அது முக்கியம். பல நாடுகளில் மாணவருக்கு விடுதி கிடைக்கிறது, மெக்கானிக்காக வேலை பார்க்கும் 19 வயதுக்காரருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அங்கும் எதுவும் நிரந்தரமில்லை. 2017இல் மாணவர்களைப் பொது வீட்டு உதவிக்கு மாற்றினார்கள், 2025 ஆகஸ்டில் படிப்பு மாதங்களுக்கு மட்டுமான பழைய முறைக்கே திருப்பிவிட்டார்கள். தனி ஸ்டுடியோவைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் மறுபடி பகிர்ந்த வீட்டைத் தேட வேண்டியதாகிவிட்டது.

அப்புறம் வாடகை வீட்டுக்கான காத்திருப்பு வரிசை. ஸ்டாக்ஹோமில் நகர வீட்டு முகமையின் வரிசையில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ ஒன்பது ஆண்டு, நகர மையத்தில் அதைவிட நீளம். பதிந்த நாள்தான் அங்கே சொத்து. ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் சேர்த்துவைத்த நாட்கள் எல்லாம் போய்விடும். அந்த ஊரிலேயே பிறந்து, விவரம் தெரிந்த பெற்றோருக்குப் பிள்ளையாக இருந்தால், தகுதி வயது வரும் பிறந்தநாளன்றே பதிவு நடந்துவிடும். வேலைக்காக 25 வயதில் வந்து சேர்பவர் அன்றுதான் தொடங்குகிறார். அதுவரை வாடகைக்காரரிடமே வாடகைக்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை பெட்டி தூக்கும் வாழ்க்கை. சுவீடனின் 21.8 என்ற அழகான எண்ணுக்குள் இந்த அலைச்சலும் அடங்கியிருக்கிறது.

வியன்னாவில் மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ மானியம் பெற்ற கூட்டுறவு வீடுகளிலோ இருக்கிறார்கள். 1920களில் தொடங்கிக் கட்டியதை விற்காமல் வைத்திருந்ததன் பலன் அது. 30 வயதுக்குள் இருந்து, பெற்றோர் வீட்டிலேயே நீண்டகாலம் பதிவில் இருப்பவருக்கு முதல் வீடு தர அங்கே தனிப் பிரிவே உண்டு. பெற்றோர் வீட்டில் இருப்பதையே தகுதியாக எண்ணிய ஊர் அது! எனக்குத் தெரிந்து இதைவிட நேரடியாக இந்தப் பிரச்சினையைத் தொட்ட விதி அரிது. ஆனால் நகரத்தில் இரண்டு ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வெளியூர்க்காரரை நிறுத்திவைக்கிறது. உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை என்பது பெற்றோர் இருக்கும் ஊரிலேயே தங்குபவருக்கு மட்டும் தரும் பரிசு. நல்ல வேலை வேறு ஊரில் இருந்தால், அதைத் தேடிப் போவதற்கான அபராதமும் அதுவே.

கட்டுமான விதிகளைப் பற்றிச் சுருக்கமாக: எந்த மனையில் எத்தனை வீடு, குறைந்தது எவ்வளவு பரப்பு, எத்தனை கார் நிறுத்துமிடம் என்பதெல்லாம் நகராட்சியின் கையில். சிறிய வீட்டைத் தடுக்கும் விதி எல்லாம் முதல் வீட்டைத் தடுக்கும் விதி. அமெரிக்காவின் பல ஊர்களில் உறவினர் அல்லாதவர்கள் இத்தனை பேருக்கு மேல் ஒரே வீட்டில் வசிக்கக் கூடாது என்றே இருந்தது. நான்கு நண்பர்கள் வாடகையைப் பங்கு போட்டால் சட்டமீறல். ஓரிகன் மாநிலம் 2021இல் உள்ளூர் அமைப்புகள் அப்படி விதிப்பதைத் தடைசெய்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் அடுக்கு வீடுகளுக்கு இடம் தந்தது, அதன் பிறகு கட்டட அனுமதிகள் வெகுவாகக் கூடின. பலன் தெரிய ஆண்டுகள் ஆகும், ஆனால் நிலைத்து நிற்கும்.

கொள்கை கைவிட்ட இடத்தை யார் நிரப்புகிறார்கள்? அப்பா அம்மாதான். அட்வான்ஸ் அவர்கள் தருகிறார்கள், ஜாமீன் கையெழுத்து அவர்கள் போடுகிறார்கள். போட முடியாதவர்களின் பிள்ளை, சம்பளம் இருந்தும் வீட்டிலேயே இருக்கிறார். பிரான்ஸ் 2016இல் தொடங்கிய விசால் என்ற இலவச ஜாமீன் இதைத்தான் குறிவைத்தது: 30 வயது வரை உள்ளவர் வாடகை கட்டத் தவறினால் அந்த அமைப்பு உரிமையாளருக்குக் கட்டும், பிறகு அவரிடமிருந்து வசூலிக்கும். செலவு குறைவு, தடையை எடுப்பதில் பலன் அதிகம். வீடு கட்டப் பணமில்லை என்று சொல்லும் பிராந்தியமும் இதைச் செய்யலாம்.

உங்கள் பிராந்தியம் எந்தப் பக்கம் என்று அறிய வேண்டுமானால், அங்கிருக்கும் திட்டங்களின் பெயரைப் பார்க்காதீர்கள், படிவத்தைப் பாருங்கள். மணமாகாத, குழந்தையில்லாத 23 வயதுத் தனி ஆள் விண்ணப்பிக்க முடியுமா? பெற்றோர் வீட்டில் இருப்பது அவருக்கு எதிரான புள்ளியா? உதவி வாடகை கட்டும் முன் வருகிறதா, பின் வருகிறதா? வெளியூரிலிருந்து வந்தவர் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? இவற்றுக்கு விடை தெரிந்தால், அங்குள்ள இளைஞர் ஏன் கிளம்பவில்லை என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். பதிவு நாளை வைத்து வீடு தரும் ஊரில் இருக்கிறீர்கள் என்றால், இப்போதைக்குக் கிளம்பும் எண்ணமே இல்லாவிட்டாலும், வயது வந்த அன்றே பெயரைப் பதிந்து வையுங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.